ஐப்பசி மழையில் ஒரு காபித் தோட்ட வீடு: ஏற்காட்டில் தங்கிப் பார்த்த அனுபவம்

சேலத்துக்காரர்கள் ஏற்காட்டில் ராத்திரி தங்குவது அபூர்வம். முப்பது கிலோமீட்டர்தான். காலையில் டிபன் முடித்துக் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் மேலே. ஏரியில் படகு, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி. விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்துவிடலாம். வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் கூட்டிக்கொண்டு போகிற இடம், அவ்வளவுதான். அறை எடுத்துத் தங்குவதெல்லாம் சென்னைக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் செய்கிற காரியம் என்பதுதான் எங்கள் வீட்டிலும் நினைப்பு. இந்தத் தீபாவளி முடிந்த வாரம் அங்கே ஒரு காபித் தோட்ட வீட்டில் தங்கிவிட்டு வந்ததிலிருந்து, செவ்வாய்ப்பேட்டையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏற்காட்டை மே மாதக் கூட்டத்தில் பார்க்காதீர்கள். ஐப்பசியில் போங்கள், தங்கிப் பாருங்கள்.

வீட்டின் பெயரை இங்கே போடவில்லை. மொத்தமே மூன்று அறை. வீட்டுக்கார அக்காவிடம் எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்க கண்ணு, பேரு மட்டும் வேண்டாம். இருக்கிற ஆளுக்கே பார்க்க முடியல" என்றார். ஏற்காட்டு ஊரிலிருந்து நாகலூர் போகும் சாலையில் இருக்கிறது என்பது வரைக்கும் சொல்கிறேன். நான் சொல்கிற பாதி விஷயங்கள் அந்த மலையில் இப்படி இயங்குகிற எந்தச் சின்னத் தோட்டத்துக்கும் பொருந்தும் என்பதால், படிக்கிறவர்களுக்கு இது உதவும் என்று நினைக்கிறேன்.

எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. ஆவணியில் ஆரம்பிக்கிற ஆர்டர் தீபாவளிக்கு முந்தைய நாள் வரைக்கும் மூச்சுவிட விடாது. அப்புறம் ஆட்கள் எல்லாம் ஊருக்குப் போய்விடுவார்கள், பட்டறை ஒரு வாரம் மூடியிருக்கும். அந்த வாரத்தில்தான் எங்களுக்கு எங்கேயாவது போக நேரம். நான், வீட்டுக்காரர், கல்லூரியில் படிக்கிற மகள், முழங்கால் வலியோடு என் மாமியார். நால்வருக்கும் ஒத்துவரும் இடமாகத் தேடியதில் இது அமைந்தது. ஓர் அறைக்கு ஒரு ராத்திரி 3,800 ரூபாய். காலை டிபனும் ராத்திரிச் சாப்பாடும் அதிலேயே சேர்த்தி. மதியச் சாப்பாடு முன்கூட்டியே சொன்னால் தனிக் காசுக்குச் செய்து தருகிறார்கள்.

அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் போனதுமே மழை பிடித்துக்கொண்டது. இருபது கொண்டை ஊசி வளைவுகள். கோடையில் ஏறும்போது மூங்கில் எல்லாம் காய்ந்து பழுப்பாகக் கிடக்கும் அதே சரிவு, இப்போது பாறை இடுக்கெல்லாம் தண்ணீர் வழிய நிற்கிறது. பாதி மலை ஏறும்போதே கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டோம். ஈர மண்ணும் இலையும் கலந்த வாசனை. மாமியார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நாங்க கல்யாணமான புதுசுல வந்தப்போ இப்படித்தான் இருந்துச்சு" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பிரதான சாலையிலிருந்து தோட்டத்துக்குள் போகும் கடைசிப் பகுதி மண் ரோடு. மழை நாளில் தாழ்வான கார் போகாது. இதை முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டார்கள். காரைச் சாலையோரத்தில் அவர்கள் இடத்திலேயே நிறுத்திவிட்டு, அவர்களுடைய பழைய ஜீப்பில் உள்ளே போனோம். முன்னாலேயே சொன்னதால் எரிச்சல் இல்லை. ஆனால் ஜீப்பின் பின்படி உயரம். மாமியாரை ஏற்ற ஒரு மர முக்காலி கொண்டுவந்து வைத்தார் அங்கே வேலை பார்க்கும் அண்ணன். யாரும் கேட்காமல் வந்த முக்காலி அது. இந்த வீட்டைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் வந்தது அங்கேதான்.

வீடு ஓடு வேய்ந்த பழைய வீடு. முன்னால் நீளமான திண்ணை, அதற்குக் கீழே சிமெண்ட் போட்ட களம், களத்தைத் தாண்டினால் காபிச் செடிகள். செடிக்கு மேலே நிழலுக்குச் சில்வர் ஓக்கும் பலாவும் முருக்கும். சில்வர் ஓக் மரத்தில் எல்லாம் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. நிழல் எதற்கு என்று மகள் கேட்டதற்கு வீட்டுக்கார ஐயா நின்று நிதானமாகப் பதில் சொன்னார். இங்கே இருக்கும் அராபிகா வகைக் காபிச் செடி வெயில் தாங்காது. அதோடு நிழல் குறைந்த இடத்தில்தான் தண்டுத் துளைப்பான் வண்டு அதிகம் விழும். தண்டுக்குள் புழு புகுந்துவிட்டால் அந்தச் செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. "மரத்தை வெட்டிட்டா மகசூல் கூடும்னு சொல்றவங்க இருக்காங்க. நாலு வருஷம் கூடும். அப்புறம் செடியே இருக்காது" என்றார்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர்தான் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பது எங்கள் ஊரில் பலரும் சொல்கிற விஷயம். அந்தச் செடி பழுத்துப் பறித்து என்ன ஆகிறது என்பதை இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு நான் பார்த்ததே இல்லை. தினமும் காலையில் டம்ளரைக் கையில் பிடிக்கிறவள், இது தெரியாமலேயே இத்தனை வருடம் இருந்திருக்கிறேன் என்று நிஜமாகவே வியப்பாக இருந்தது.

பெரிய எடுப்பு மார்கழி, தையில்தான். ஐப்பசிக் கடைசியில் முந்திப் பழுத்ததை மட்டும் பொறுக்கி எடுக்கிறார்கள். பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து வரும் மலையாளிப் பெண்கள் (கேரளத்தவர் அல்ல, சேர்வராயன் மலையின் பழங்குடி மக்கள்) இடுப்பில் சாக்குப் பை கட்டிக்கொண்டு வரிசைக்குள் நுழைந்தார்கள். ஒரே கொத்தில் பச்சைக் காய், மஞ்சள் ஏறியது, நல்ல சிவப்பு என்று மூன்றும் இருக்கிறது. அதில் சிவப்பை மட்டும் கட்டைவிரலால் திருகி எடுக்கிறார்கள், பக்கத்துக் காய் அசையக்கூட இல்லை. வாங்கிப் பார்த்தேன், எனக்கு ஒவ்வொரு தடவையும் பச்சைக் காயும் சேர்ந்து வந்தது. அந்த அக்காவின் விரல் நுனியெல்லாம் கறை பிடித்துக் கறுத்திருந்தது. கூலி கிலோக் கணக்கு. முந்திப் பழுத்ததை எடுக்கும்போது செடி செடியாகத் தேட வேண்டியிருப்பதால் எடை ஏறாது, அதனால் இந்த நாட்களுக்கு மட்டும் நாள் கூலி கொடுக்கிறார்கள் என்று அவரே சொன்னார். எங்கள் பட்டறையிலும் உருப்படிக் கூலி, நாள் கூலி இரண்டும் உண்டு என்பதால் இந்தக் கணக்கு எனக்குச் சட்டென்று பிடிபட்டது. கைக்கு வேலை மெதுவாக ஓடும் நாளில் கூலியை மாற்றிக் கொடுக்கிற முதலாளி நல்ல முதலாளி.

மதியத்துக்கு மேல் பழத்தைத் தொட்டியில் கொட்டினார்கள். வண்டு துளைத்ததும் உள்ளே பருப்பு இல்லாததும் மிதக்கும். அதை முறத்தால் வாரி எடுத்துவிடுகிறார்கள். மூழ்கிய பழம் பல்ப்பர் இயந்திரத்துக்குப் போகிறது. தோல் ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம். கொட்டையைச் சுற்றி வழவழவென்று ஒரு பசை. ராத்திரி முழுக்கத் தொட்டியில் புளிக்க விட்டு மறுநாள் காலையில் கழுவினால்தான் அது விடும். ஐயா ஒரு கைப்பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கச் சொன்னார். "சொரசொரன்னு சத்தம் வருதா? வந்தா விட்டுருச்சுன்னு அர்த்தம். வழுக்கினா இன்னும் நேரம் கொடுக்கணும்." கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியாது, குளிர் நாளில் புளிக்க நேரம் அதிகம் பிடிக்கும், கைதான் சொல்லும் என்றார்.

கழுவிய கொட்டை மேல் உமியோடு களத்தில் காய்கிறது, இதற்குப் பார்ச்மென்ட் என்று பெயர். ஐப்பசியில் இதுதான் தலைவலி. காலையில் வெயில் அடிக்கும், பதினொரு மணிக்கு மஞ்சு இறங்கும், மதியம் மறுபடி வெளிச்சம், மூன்று மணிக்கு மேல் எந்த நேரமும் மழை. நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா உள்ளேயிருந்து ஒரு குரல்தான் கொடுத்தார். வேலையாட்கள், ஜீப் ஓட்டிய அண்ணன், ஐயா எல்லோரும் களத்துக்கு ஓடினார்கள். என் வீட்டுக்காரரும் மகளும் கூடவே ஓடினார்கள். பலகை வைத்துக் கொட்டையைக் குவித்துத் தார்ப்பாயை இழுத்து மூடி, ஓரத்தில் கல் வைத்து முடிப்பதற்குள் பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்துவிட்டது. நனைந்தால் பூசணம் பிடித்துவிடும், அத்தனை பேர் உழைப்பும் போச்சு. எல்லோரும் ஈரத்தோடு திண்ணை ஏறியதும் வந்த காபியை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்தக் காபியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிக்கரி கிடையாது. எங்கள் வீட்டில் சிக்கரி கலந்த தூளே பழக்கம் என்பதால் முதல் டம்ளர் எனக்குத் தண்ணியாகத் தெரிந்தது. நிறம் வெளுப்பு, நாக்கில் லேசான புளிப்பு. அடுத்த நாள் காலையில் அந்தப் புளிப்பைத்தான் தேடினேன். அவர்களே விறகு அடுப்பின் மேல் உருளையைக் கையால் சுற்றி வறுக்கிறார்கள். அரைக் கிலோ வாங்கி வந்தோம். "வறுத்த அன்னைக்கே டிகாஷன் போடாதீங்க, ரெண்டு மூணு நாள் போகட்டும்" என்று சொல்லித்தான் கொடுத்தார் அக்கா. சொன்னபடி செய்தேன், வித்தியாசம் தெரிகிறது. ஆனால் மாமியாருக்கு இது பிடிக்கவில்லை, அவருக்குப் பழைய தூள்தான்.

சாப்பாடு வீட்டுச் சாப்பாடு, அந்தச் சொல்லுக்கு உண்மையான அர்த்தத்தில். ராத்திரி சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, சௌசௌ கூட்டு, மிளகு ரசம். சௌசௌ கொல்லையில் பந்தல் போட்டுக் காய்த்தது. மிளகு அந்தக் கொடியிலிருந்து போன வருடம் காய வைத்தது. கடையில் வாங்கும் மிளகில் காரம் மட்டும்தான் தெரியும். இதில் காரம் ஏறுவதற்கு முன்னால் ஒரு வாசனை மூக்குக்கு வருகிறது. தொட்டுக்கொள்ள எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மிளகு, காம்போடு. மகள் சோற்றைவிட அதைத்தான் அதிகம் சாப்பிட்டாள். காலையில் ராகிப் புட்டும் இட்லியும். இட்லி சுமார்தான், குளிரில் மாவு பொங்கவில்லை என்று அக்காவே சொன்னார். தட்டுவடை செட் சாப்பிட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் மாலையில் நொறுக்குத் தீனி தேடுவார்கள். இங்கே அது கிடையாது, கீழிருந்தே வாங்கிப் போங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வெந்நீருக்குச் சூரிய ஒளியில் ஓடும் ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். மழை மாதத்தில் அது பிரயோஜனமே இல்லை. அண்டாவில் விறகு போட்டுக் காய்ச்சி வாளியில் கொண்டுவந்து தருகிறார்கள். காலை ஆறரைக்கு மேல்தான் கிடைக்கும். படுக்கை விரிப்பு சுத்தமாக இருந்தது, ஆனால் ஈரக்காற்றில் நமுத்துச் சில்லென்று இருந்தது. கேட்டதும் கூடுதல் கம்பளி கொடுத்தார்கள். அது கேட்காமலேயே அறையில் இருந்திருக்க வேண்டும். பெரிய குறை படிக்கட்டு. திண்ணையிலிருந்து களத்துக்கு இறங்கும் கல் படியில் பாசி பிடித்திருக்கிறது, கைப்பிடி கிடையாது. மாமியாரை இரண்டு பேர் பிடித்துக்கொண்டுதான் இறக்கினோம். மழைக்காலத்தில் விருந்தாளிகளுக்கு வீட்டைத் திறந்துவிடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அக்காவிடம் நேரிலேயே சொன்னேன். மறுநாள் காலை அண்ணன் சுண்ணாம்புத் தூளும் துடைப்பமுமாகப் படியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடிக்கு ஆள் வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

போன் சிக்னல் திண்ணையின் ஒரு மூலையில் மட்டும் கிடைக்கிறது. எங்களுக்கு அது வசதியாகவே இருந்தது. வியாபாரிகள் கூப்பிட்டால் எடுக்க முடியாது என்று தெரிந்ததும் என் வீட்டுக்காரர் முகமே மாறிவிட்டது. ராத்திரிப் பாட்டு, நெருப்பு மூட்டி ஆட்டம் இதெல்லாம் இங்கே இல்லை, அனுமதியும் இல்லை. அதற்காகவே மலைக்கு வருகிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வது நல்லது. மாலை ஆறரைக்கு மேல் தோட்டத்துக்குள் தனியாகப் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறார்கள். காரணம் காட்டெருமை. ராத்திரி எட்டு மணி இருக்கும். ஐயா எங்களைத் திண்ணைக்கு அழைத்து, சத்தம் போட வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு டார்ச்சைக் களத்துக்கு அப்பால் திருப்பினார். முதலில் காபிச் செடிக்கு மேலே முதுகு மட்டும் தெரிந்தது, மழையில் நனைந்து பளபளவென்று. நகர்ந்தபோது காலும் தெரிந்தது, முழங்காலுக்குக் கீழே நான்கும் வெள்ளை. ஒருமுறை எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மேய ஆரம்பித்தது. ஐயா உடனே விளக்கை அணைத்துவிட்டார். படம் எடுக்க இன்னொரு தடவை அடிக்கச் சொல்லி மகள் கேட்டாள்; அவர் மறுத்துவிட்டார். அது சரிதான்.

பகலில் மழை விட்ட நேரத்தில் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். மலையின் உச்சியே அதுதான், 5,326 அடி. மேலே மரமே இல்லாத புல்வெளி. குனிந்து நுழைகிற குகைக்குள் சேர்வராயரும் காவேரி அம்மனும். மாமியார் வாசலிலேயே உட்கார்ந்து கும்பிட்டார். வைகாசித் திருவிழா நேரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. அன்று எங்களைத் தவிர நான்கைந்து பேர்தான். சுற்றிலும் மஞ்சு ஓடிக்கொண்டே இருந்தது, திடீரென்று விலகும்போது கீழே பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும், கேமராவை எடுப்பதற்குள் மூடிவிடும். பக்கோடா பாயிண்டிலும் அதே கதை. காட்சி முனைகளை நம்பி ஐப்பசியில் போனால் பாதி நாள் வெள்ளையைத்தான் பார்ப்பீர்கள், அதை முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிளியூர் அருவியில் தண்ணீர் நிறைய என்று சொன்னார்கள். படி ஈரமாக இருக்கும், மாமியாரை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

மகளுக்காக ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கும் போனோம். அவள் வரலாறு படிக்கிறாள். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடாரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில்தான் வாழ்ந்தார், அவருடைய நினைவுச் சின்னம் இந்தத் தேவாலயத்தில்தான் இருக்கிறது. இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு தொடங்கியதே அந்தக் கோடாரியிலிருந்து என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். சேலத்துக்குப் பக்கத்தில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு தடவையாவது கூட்டி வந்து காட்டியிருக்கலாம்.

குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும் என்று படித்து மார்க் வாங்கியவர்கள்தானே நாம் எல்லோரும். கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். அந்தக் காலத்து ஆட்கள் மலைக்கு இந்த மாதங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். நாமோ பள்ளி லீவைப் பார்த்து மே மாதம் கோடை விழாவுக்கு ஏறி, வளைவுக்கு வளைவு வண்டிகளுக்குப் பின்னால் நின்று, மலர்க் கண்காட்சியில் தலைகளைப் பார்த்துவிட்டு இறங்குகிறோம். அதே மலைதான். ஐப்பசியில் அங்கே வேலை நடக்கிறது, மண் ஈரமாக இருக்கிறது, மனிதர்களுக்கு நின்று பேச நேரம் இருக்கிறது. கொடுத்த காசு எனக்கு இதற்காகத்தான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முன்பதிவு போனில் மட்டும். மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை கூப்பிட்டால் எடுக்கிறார்கள், மற்ற நேரம் தோட்டத்தில் இருப்பார்கள். குடை போதாது, மழைக் கோட்டும் பிடிமானமுள்ள செருப்பும் வேண்டும். புயல் எச்சரிக்கை இருந்தால் தள்ளிப்போடுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோனது நினைவிருக்கும். இறங்கும்போது குப்பனூர் வழியாக அயோத்தியாப்பட்டணம் வந்தோம். சற்றுச் சுற்று, ஆனால் வண்டி குறைவு. வயதானவர்களோடு போகிறவர்கள் களத்துப் பக்கம் இருக்கும் தரை அறையைக் கேட்டு வாங்குங்கள். அதற்குப் படி ஏற வேண்டியதில்லை, குளியலறையிலும் மேற்கத்திய டாய்லெட் இருக்கிறது. நாங்கள் போனபோது அதில் வேறு குடும்பம் இருந்தது. தை மாதப் பெரிய எடுப்புக்கு அந்த அறையைத்தான் மாமியாருக்காகச் சொல்லி வைத்திருக்கிறோம்.